பதின்மூன்றுக்குப் பிறகு ஒன்று

"வளர்ற பிள்ளைண்ணே, ரெண்டு நம்பர் கூட்டியே குடுங்க."

ஜூன் முதல் வாரத்தில் அணக்கரையிலோ குமுளியிலோ ஒரு செருப்புக்கடை வாசலில் அரைமணி நேரம் நிற்பவர் எவரும் இவ்வாக்கியத்தைக் கேட்கலாம். சொல்பவர் பெரும்பாலும் ஏலத்தோட்டத்தில் கூலி வேலைக்குப் போகும் தாய். கேட்பவர் கடைக்காரர். இடையில் நிற்கும் பிள்ளையின் கால் ஒருமுறைகூட அளக்கப்படுவதில்லை. இவ்வாக்கியத்தை எடுத்துக்காட்டி, "பெற்றோரின் அறியாமையால் பிள்ளைகளின் பாதம் கெடுகிறது" என்று அறிவுரை எழுதுவது இப்போது படித்தவர்களிடையே பரவலாகியிருக்கிறது. அந்த 'அறியாமை' என்னும் சொல்லை மறுக்கவே இதை எழுதுகிறேன். சக்குபள்ளத்திலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் மொழித்தொடர்பு குறித்துக் களப்பணி செய்துவருபவன் என்ற முறையில், அந்தத் தாயின் வாக்கியம் எந்த ஏரணத்திலிருந்து பிறக்கிறது என்பதை விளக்கும் கடமை எனக்கு உண்டு என்று கருதுகிறேன்.

முதலில் அந்த 'நம்பர்' என்ன என்று பார்ப்போம். நம் கடைகளில் வழங்கும் எண்கள் ஆங்கிலேய அளவுமுறையைச் சேர்ந்தவை. அம்முறையின் அலகு ஒரு வாற்கோதுமை மணியின் நீளம், அதாவது ஓர் அங்குலத்தில் மூன்றிலொரு பங்கு: 8.46 மில்லிமீட்டர். குழந்தைகளுக்கான எண்வரிசை நான்கு அங்குலத்தைச் சுழியமாகக் கொண்டு தொடங்கிப் பதின்மூன்று வரை ஏறுகிறது. அதற்கடுத்த அளவு பதினான்கு அன்று. மீண்டும் ஒன்று! பதின்மூன்றைவிட ஒன்று பெரிது என்று சொல்லும் ஓர் எண்முறையைச் சென்ற நூற்றாண்டு முழுவதும் நம் தலையில் ஏற்றிவைத்துவிட்டு, அதைப் படிக்கத் தெரியாதவளை அறியாதவள் என்கிறோம். குறிக்கும் குறிக்கப்படுவதற்கும் இடையிலான தொடர்பு இடுகுறித் தன்மையது என்று மொழியியலின் முதல் வகுப்பிலேயே படிக்கிறோம். இடுகுறியாக இருப்பது குறையன்று. அதைப் பயன்படுத்தும் சமூகத்துக்கு அதன் திறவுகோல் தரப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவே. செருப்பின் அடியில் பொறித்த எண்ணுக்குத் திறவுகோல் எந்தக் கடைச் சுவரிலும் தொங்கவில்லை. (எட்டு நெல் ஒரு விரல், பன்னிரண்டு விரல் ஒரு சாண் என்று நம்மவர்களும் தானியத்தால்தான் அளந்தார்கள். ஆகவே வாற்கோதுமையைப் பழித்துப் பழம்பெருமை பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் நெல்லும் விரலும் சாணும் அளந்தவர் கையிலேயே இருந்தன.)

இனி அந்தத் தாயின் கணக்குக்கு வருவோம். சென்னை அடையாற்றில் 1948 முதல் இயங்கிவரும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாட்டின் 79 இடங்களில் 1,01,880 பேருடைய பாதங்களை அளந்தது. இந்தியர்களின் பாதம் பொதுவில் அகலமானது என்பது அதில் தெரியவந்த முதன்மையான செய்தி. நமக்கு விற்கப்படும் காலணிகள் அந்த அகலத்துக்கு ஏற்றவையல்ல. எனவே மக்கள் அகலத்துக்காக நீளத்தை விலைகொடுத்து வாங்குகிறார்கள். காலுக்குத் தேவையானதைவிட நீண்ட காலணியை அணிகிறார்கள். இதைப் படித்தபின் கடைவாசல் வாக்கியத்தை மறுபடி கேளுங்கள். அவள் கேட்பதில் பாதி வளர்ச்சிக்காக, மறுபாதி பக்கவாட்டில் பிள்ளையின் கால் நெரியாதிருப்பதற்காக. அகலத்துக்குத் தனி எண் இல்லாத கடையில் அகலம் கேட்பதற்கு அவளுக்குள்ள ஒரே வழி நீளத்தைக் கூட்டிக் கேட்பதுதான். அடையாற்றின் அளவெடுப்பு கண்டறிந்ததை அவள் தன் பிள்ளையின் சுண்டுவிரல் காய்ப்பிலிருந்தே கண்டறிந்திருக்கிறாள்.

இதனால் விளையும் கேடு உண்மையானது. அதை நான் மறுக்கவில்லை. இரண்டு எண் என்பது ஏறத்தாழ 17 மில்லிமீட்டர். தொடக்கப்பள்ளி வயதில் பிள்ளையின் பாதம் ஓராண்டில் வளர்வது ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். ஆக, முதலாண்டு முழுவதும் கால் உள்ளே வழுக்கி முன்னே போய் இடிக்கிறது, குதிகால் கழல்கிறது, பிள்ளை விரல்களை மடக்கிக் காலணியைப் பற்றிக்கொண்டே மலைச்சரிவில் இறங்குகிறது. இரண்டாம் ஆண்டில் சில மாதங்கள் பொருந்துகிறது. அதன்பின் தங்கைக்கோ தம்பிக்கோ போகிறது, முதற்பிள்ளையின் குதிகால் தேய்த்த சாய்வோடு. இது ஏழைகளின் சிக்கல் மட்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: ஆஸ்திரியாவில் 858 மழலைப்பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்து 2009-இல் வெளியான கட்டுரை, ஏறத்தாழப் பத்தில் ஏழு குழந்தைகளின் வெளிக்காலணி போதிய நீளமில்லாமல் இருந்ததாகவும், குட்டையான காலணிக்கும் பெருவிரல் வளைவுக்கும் தொடர்பு உண்டென்றும் சொல்கிறது. அளவுகருவியும் பணமும் உள்ள நாட்டின் நிலை இது. சிறுபிள்ளை 'கடிக்கிறது' என்று சொல்வதில்லை. அதன் எலும்புகளில் பெரும்பகுதி இன்னும் குருத்தெலும்பு. நெருக்கினால் வலியைவிட வளைவே முதலில் வரும்.

இப்போது நான் உண்மையில் குற்றஞ்சாட்ட விரும்பும் தரப்பு. மழைக்காலம் தொடங்கும் அதே ஜூன் மாதத்தில், மூடிய கறுப்பு ஷூவையும் வெள்ளை சாக்ஸையும் கட்டாயமாக்கும் பள்ளி நிர்வாகங்கள். பெயர் தேவையில்லை, இந்த மலைத்தொடரில் எந்தச் சந்திப்பில் நின்றாலும் அத்தகைய பள்ளியின் வண்டி ஒன்று கடந்துபோகும். காலை ஏழரைக்கு நனைந்த ஷூ மாலை நாலரை வரை காலிலேயே இருக்கிறது. வீட்டுக்கு வந்தால் அடுப்பு மேட்டின் பக்கத்தில் வைத்தும் மறுநாளுக்குள் உலர்வதில்லை. விரலிடுக்கில் சேற்றுப்புண். இதற்குப் பெயர் ஒழுங்கு! இந்த ஒழுங்கின் மருத்துவப் பயன் என்ன என்று கேட்டால் விடை நமக்கு மிக அருகிலேயே, மணிப்பாலில் இருக்கிறது. உதய பாஸ்கர ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 2,300 பிள்ளைகளின் பாதத்தடங்களை ஆராய்ந்து 1992-இல் வெளியிட்ட கட்டுரையில், காலணி அணிந்து வளர்ந்தவர்களிடம் தட்டைப்பாதம் 8.6 விழுக்காடும், வெறுங்காலுடன் வளர்ந்தவர்களிடம் 2.8 விழுக்காடும் காணப்பட்டது. அவர்கள் கண்ட இன்னொன்று இங்கே முதன்மையானது: விரல்பகுதி மூடிய ஷூ அணிந்தவர்களிடமே தட்டைப்பாதம் மிகுதி, சாண்டலும் செருப்பும் அணிந்தவர்களிடம் குறைவு. பாதவளைவு உருவாவதற்கு முக்கியமான வயது ஆறுக்கு முன். எல்.கே.ஜி. பிள்ளைக்கு மூடிய ஷூ வேண்டும் என்று சுற்றறிக்கை விடுபவர் இதைப் படித்திருக்கிறாரா?

இவ்விடத்தில் எனக்குக் கைதட்ட வரும் ஒரு கூட்டத்தையும் நிறுத்த வேண்டியிருக்கிறது. "அதனால்தான் சொல்கிறோம், வெறுங்காலே இயற்கை, நம் முன்னோர் செருப்பா அணிந்தார்கள்?" என்பவர்கள். முன்னோருள் யார் அணிந்தார், யாரை அணியவிடவில்லை என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள். சாமுவேல் மெட்டீர் திருவிதாங்கூரைப் பற்றி 1871-இல் வெளியிட்ட நூலில், தாழ்த்தப்பட்ட சாதியார்க்கு இருந்த தடைகளுள் குடையோடும் பொன்னகையோடும் காலணியும் இடம்பெறுகிறது. மலைக்குக் கீழே தமிழ்நாட்டு ஊர்களில், ஆதிக்கச் சாதித் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து நடக்கவைக்கப்பட்ட மக்களின் பேரப்பிள்ளைகளே இன்று இந்த ஏலத்தோட்ட லயங்களில் வளர்பவர்களுள் கணிசமானோர். சங்க இலக்கியத்தில் 'தொடுதோல்' உண்டு. செருப்பு என்னும் சொல்லோ மலையாளத்திலும் 'செருப்பு', தெலுங்கில் 'செப்பு', கன்னடத்தில் ககரம் திரியாமல் 'கெர' என்று நிற்கும் தொல்திராவிட வேர். பொருளும் சொல்லும் பழையவை. அதை அணிய எல்லோர்க்கும் வாய்த்த உரிமை மிக அண்மையது. அந்த உரிமையை 'இயற்கை' என்ற பெயரில் திருப்பிக் கேட்காதீர்கள்.

மேலும், இந்த மண் கடற்கரை மணல் அன்று. மழை விழுந்தால் அட்டை. ஏலச்செடிக்குத் தெளிக்கும் பூச்சிக்கொல்லி ஊறிய தரை. ஈரநிலத்தில் உள்ளங்கால் வழியே நுழையும் கொக்கிப்புழு. இலங்கைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்களை இரத்தசோகையில் வாட்டிய கொக்கிப்புழுவுக்கு எதிராக 1916-இலேயே ராக்ஃபெல்லர் அறக்கட்டளை இயக்கம் தொடங்க வேண்டியிருந்தது. பெரியவர்கள் தோட்டத்தில் கம்பூட்ஸ் அணிவது அழகுக்காகவா? அவர்களுடைய பிள்ளைக்குக் காலணி தேவை. தேவையில்லாதது, அகலமில்லாத, மூடிய, உலராத, ஆண்டு முழுவதும் கட்டாயமான ஒரே வகைக் காலணி.

மலையாளத்தில் காலுக்கு அளவு சரியாக இருப்பதைப் 'பாகம்' என்பார்கள். சமையலில் பக்குவத்துக்கும் அதே சொல்தான். எனக்கு மிகவும் பிடித்த சொல்வழக்கு அது. பொருத்தம் என்பது எண்ணில் இல்லை, தொட்டுப் பார்த்து அறிவது என்ற உணர்வு அதில் இருக்கிறது. அடையாறு நிறுவனம் முன்மொழிந்துள்ள புதிய அளவுமுறைக்குப் பாரதத்தின் முதலெழுத்தால் 'பா' என்று பெயர். எட்டு வகுப்புகள், அளவுக்கு அளவு இடைவெளி 5 மில்லிமீட்டர், வளரும் பிள்ளைகளுக்குக் கூடுதலாக 5 மில்லிமீட்டர். 8.46-ஐவிட இது நுண்மையானது, வரவேற்கத்தக்கது. பெண்களின் பாதவளர்ச்சி பதினோரு வயதிலும், ஆண்களுடையது பதினைந்து பதினாறிலும் உச்சம் பெறுகிறது என்று அதே ஆய்வு சொல்வதால், ஆறாம் வகுப்புச் சிறுமியைச் 'சின்னப் பிள்ளை' வரிசையில் அடைக்கும் வழக்கத்தையும் அது கேள்விக்குள்ளாக்குகிறது. ஆனால் அளக்காத கடையில் எந்த எண்ணும் வெறும் எண்தான். ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் ஐரோப்பியச் சந்தைக்குக் காலணி தைக்கும் நாட்டில், சொந்தப் பிள்ளையின் காலை அளக்க ஒரு பலகை இல்லை என்பதை அரசியல் என்று அழைக்காமல் வேறு என்னவென்பது?

ஆகவே கேட்கவேண்டியதைக் கேட்கவேண்டியவர்களிடம் கேட்போம். பள்ளிகள் ஜூன் முதல் நவம்பர் வரை, பின்வார் உள்ள திறந்த சாண்டலை அனுமதிக்க வேண்டும். ஆரம்ப வகுப்புகளில் ஆண்டு முழுவதும். எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் விலையில்லாக் காலணி தரப்படுகிறது. இப்புறம் 2017-இல் தொடங்கிய கைத்தறிச் சீருடைத் திட்டத்தில் துணி உண்டு, காலுக்கு ஒன்றுமில்லை. கம்பத்திலிருந்து விடியலில் ஜீப்பேறி வரும் தொழிலாளியின் பிள்ளை அங்கே படித்தால் காலணி கிடைக்கும், இங்கே லயத்தில் தங்கிப் படித்தால் கிடைக்காது என்பது விந்தையான எல்லைக்கோடு. வரியையும் பாருங்கள்: ஆயிரம் ரூபாய்க்குட்பட்ட காலணிக்கு 2022 ஜனவரியில் 5 விழுக்காட்டிலிருந்து 12-ஆக உயர்த்தினார்கள்; 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை மீண்டும் 5. பிரிட்டனில் மதிப்புக்கூட்டு வரி வந்த 1973 முதலே சிறுவர் காலணிக்கு வரி சுழியம். அவர்களுடைய வாற்கோதுமையை எடுத்துக்கொண்ட நாம் இதை ஏன் எடுத்துக்கொள்ளவில்லை?

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. பள்ளி ஆசிரியர்–பெற்றோர் சங்கம் எதுவும் ஒரு மாலையில் செய்துவிடலாம். சுவரோரம் தாளை வைத்து, பிள்ளையை இருகாலிலும் எடை ஊன்றி நிற்கச்செய்து, குதிகாலைச் சுவரில் முட்டவைத்து, மிக நீண்ட விரலின் நுனியில் கோடிடுங்கள். அளப்பது மாலையாக இருக்கட்டும். பகலில் கால் சற்று வீங்கும். இரு கால்களையும் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். அதனுடன் ஒரு சென்டிமீட்டர் சேர்த்து அட்டையில் பாத வடிவத்தை அகலத்தோடு வெட்டுங்கள். கடையில் எண்ணைச் சொல்லாதீர்கள். அட்டையைக் காலணிக்குள் விடுங்கள். பக்கவாட்டில் மடங்கினால் அந்தக் காலணி வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லுங்கள். நாலு தாய்மார் நாலு முறை சொன்னால் அவர் மொத்த வியாபாரியிடம் சொல்வார். ஜனவரியில் மறுபடி அளந்து, பழைய அட்டைமேல் புதிய அட்டையை வைத்துப் பாருங்கள்.