பக்கத்தில் உட்கார ஒருத்தி



எருமைப் பாலில் கடுக்காய்த் தூளைக் கரைத்து, அதில் துணியை நனைத்துக் காயவைத்தால் ஒரு வாடை வரும். லேசாகப் புளித்த மோர் மாதிரி, கூடவே ஒரு துவர்ப்பு. காளஹஸ்தியிலிருந்து வாங்கிவந்த துணியைப் பீரோவில் வைத்து இரண்டு வாரம் ஆகிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்த வாடையும், கூடவே அந்தக் கூடமும் ஞாபகத்துக்கு வந்துவிடுகின்றன.

நம்மில் பலருக்குக் காளஹஸ்தி என்றால் ராகு-கேது பூஜை. விடியற்காலையில் பஸ் ஏறி, பரிகாரம் முடித்து, வேறெங்கும் நுழையாமல் நேரே வீடு திரும்ப வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லி அனுப்புவார்கள். அதனாலேயே அந்த ஊரின் தெருக்களை நாம் பார்த்ததில்லை. கண்ணப்பரைத் தெரியும், சுவர்ணமுகி ஆற்றைத் தெரியும். கோயிலுக்கு நாலு தெரு தள்ளி என்ன நடக்கிறது என்று தெரியாது. எனக்கும் இந்த முறைதான் தெரிந்தது.

ஓட்டுக் கூரை போட்ட ஒரு நீளக் கூடம். கீழே கோணி விரித்து ஏழெட்டுப் பெண்கள். ஒவ்வொருத்தி முன்னாலும் மரப்பலகையில் விரித்த துணி. கையில் கலம், அதாவது கூர் சீவிய மூங்கில் குச்சி. குச்சியின் நடுவில் கம்பளி நூலைப் பந்துபோலச் சுற்றியிருக்கிறார்கள். மையைத் தொட்டால் அந்தப் பந்து உறிஞ்சிக்கொள்ளும். விரலால் மெல்ல அழுத்த அழுத்த நுனிக்கு மை இறங்கும். பழைய இரும்பும் வெல்லமும் தண்ணீரில் போட்டு மண்பானையில் வாரக்கணக்கில் புளிக்க வைத்த மை அது. கசிமி என்கிறார்கள். துணியில் படும்போது வெளிறித்தான் இருக்கிறது. கடுக்காயோடு சேர்ந்ததும் கண்ணெதிரே கறுக்கிறது. துணியில் ஏற்றியிருக்கும் பாலின் கொழுப்பு, மையைப் பரவவிடாமல் பிடித்துக்கொள்கிறது.

கடைசியில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம். நகரிப் பக்கத்தில் பிறந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். தமிழும் தெலுங்கும் கலந்து பேசினார். உத்தரத்துக் கொக்கியில் புடவைத் தூளி. தூளியில் கட்டிய கயிற்றின் மறுமுனை அவர் கால் கட்டைவிரலில். கை சீதையின் புடவைக் கொசுவத்தை வரைந்துகொண்டிருக்க, கால் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தது. ஒரு கோடுகூடப் பிசகவில்லை.

“வீட்லயே வரையலாமே, குழந்தைக்கும் வசதிதானே?” என்று கேட்டேன்.

“வீட்லதான் அக்கா மூணு வருஷம் வரைஞ்சேன். துணி குடுத்தவர் என்ன சொல்றாரோ அதான் கூலி. இந்தப் பூ சரியில்ல, இந்தக் கோடு தடிச்சுப் போச்சுன்னு பிடிச்சுக்குவாரு. நிஜமாவே சரியில்லையோன்னு எனக்கே சந்தேகம் வந்துரும். இங்க எட்டுப் பேரும் சேர்ந்து வாடகை குடுக்குறோம். என் கோடு சரியா இருக்கான்னு பக்கத்துல இருக்கிறவ சொல்லுவா. கூலி குறைச்சா எட்டுப் பேரும் தலையைத் தூக்கிப் பார்ப்போம்.”

அந்த எட்டுத் தலைகளைப் பற்றி எழுதத்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கலம்காரி முன்பு பெரும்பாலும் ஆண்களின் கையில் இருந்த வேலை. அழிந்துபோகும் நிலைக்கு வந்தபோது, கமலாதேவி சட்டோபாத்யாயாவின் முயற்சியால் 1957-ல் அகில இந்தியக் கைவினை வாரியம் காளஹஸ்தியில் ஒரு பயிற்சி மையத்தைத் தொடங்கியது. ஜொன்னலகட்ட லட்சுமய்யா அங்கே சொல்லிக்கொடுத்தார். அந்த வழியில் வந்த குரப்ப செட்டிக்கு 2008-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பெண்கள் திரளாக இந்த வேலைக்குள் வந்தது அந்தப் பயிற்சி மையத்துக்குப் பின்னால்தான். அவர்களைக் குழுவாகச் சேர்த்து, வேலையும் சந்தையும் தேடிக் கொடுக்கக் காளஹஸ்தியில் ‘துவாரகா’ என்ற அமைப்பை உருவாக்கியவர் அனிதா ரெட்டி. சித்தூரில் நியூட்ரின் மிட்டாய்க் கம்பெனி நடத்திய குடும்பத்துப் பெண். பெங்களூரின் குடிசைப் பகுதிகளில் பல காலம் பணி செய்துவிட்டு இங்கே வந்தவர். 2011-ல் அவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

பெண்கள் சேர்ந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தப் பக்கத்தில் இதைவிடப் பெரிய சாட்சி இருக்கிறது. காளஹஸ்திக்கு வடக்கே, பக்கத்து நெல்லூர் மாவட்டத்தில் தூபகுண்டா என்று ஒரு கிராமம். 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி வகுப்பு நடந்தது. இரவில் வேலை முடித்து வந்த பெண்கள் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்த பாடப் புத்தகத்தில் சீதம்மா என்ற பெண்ணின் கதை இருந்தது. தன் ஊரில் சாராயத்தை நிறுத்தியவள் அவள். ‘இது நம்ம கதை மாதிரியே இருக்கே’ என்று பேச்சு கிளம்பியது. பேச்சு கடைக்கு நடந்தது. ரோசம்மா என்ற கிராமத்துப் பெண் முன்னால் நின்றார். ஊர் ஊராகச் சாராயக் கடைகள் மூடின. 1993 அக்டோபரில் ஆந்திர மாநிலம் முழுக்கச் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995-ல் முழு மதுவிலக்கே வந்தது. முழு மதுவிலக்கு இரண்டு ஆண்டில் தளர்ந்துபோனது வேறு விஷயம்.

எனக்கு அந்தப் போராட்டத்தைவிட, அதற்கு அடுத்து அந்தப் பெண்கள் செய்ததுதான் பெரிதாகப் படுகிறது. சாராயத்துக்குப் போகாமல் மிஞ்சிய காசில் தினம் ஒரு ரூபாய் எடுத்துவைத்தார்கள். ‘பொதுபு லட்சுமி’ என்று அதற்குப் பெயர். பொதுபு என்றால் சேமிப்பு. 1982-ல் மத்திய அரசு தொடங்கியிருந்த கிராமப்புறப் பெண்கள்-குழந்தைகள் திட்டத்தின் சுருக்கப் பெயர் டுவாக்ரா. காகிதத்தில் கிடந்த அந்தத் திட்டத்துக்கு ஆந்திரத்தில் உயிர் வந்தது இந்த ஒரு ரூபாயால்தான். 2000-க்குப் பிறகு ‘வெலுகு’ திட்டம் வந்து, பத்துப் பதினைந்து பேர் கொண்ட குழு, குழுக்கள் சேர்ந்து கிராம சங்கம், அதற்கு மேல் மண்டல, மாவட்ட அளவில் சமாக்கியா என்னும் கூட்டமைப்பு என்று அடுக்கடுக்காக வளர்ந்தது. இன்றைக்கும் சித்தூர், திருப்பதிப் பக்கம் எந்தக் கிராமத்தில் கேட்டாலும் “டுவாக்ராவுல இருக்கேன்” என்றுதான் பெண்கள் சொல்வார்கள், நம் ஊரில் “குழுவுல இருக்கேன்” என்பதுபோல. நமக்கும் 1989-ல் தருமபுரியில் ஆரம்பித்துப் பின்னால் மகளிர் திட்டமாகப் பரவிய கதை உண்டு.

குழு என்ற பெயரால் நடந்த கொடுமையையும் சொல்லியாக வேண்டும். தனியார் நுண்கடன் கம்பெனிகள் இதே வடிவத்தை எடுத்துக்கொண்டு, ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்களை அவள் வாசலில் உட்கார வைத்து வசூலித்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளையே பகையாளி ஆக்கினார்கள். தற்கொலைகள் நடந்த பிறகுதான் 2010 அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. வாரத் தவணைக் காலையில் வாசல் மணி அடித்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும் பெண்கள் நம் தெருவிலும் இருக்கிறார்கள். கடனைப் பேசும் கூட்டமாக மட்டும் குழு சுருங்கிவிட்டால் அது குழுவே இல்லை என்பது என் திடமான எண்ணம்.

இந்தக் கசப்புக்கு நடுவில், திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட ‘ஸ்ரீஜா’ பால் உற்பத்தியாளர் கம்பெனியைப் பார்த்தபோது மனசு நிறைந்தது. 2014-ல் தொடங்கியது. பங்குதாரர்கள் முழுக்கப் பெண்கள். ஒரு லட்சத்துக்கும் மேல். இயக்குநர் குழுவிலும் பால் ஊற்றும் பெண்களே இருக்கிறார்கள். மாட்டுக்குத் தீவனம் போடுவதும் சாணி அள்ளுவதும் என்றைக்கும் நம் வேலைதான். பால் காசு மட்டும் வீட்டு ஆண்களின் கைக்குப் போகும். இங்கே பால் ஊற்றுகிற பெண்ணின் வங்கிக் கணக்கிலேயே பணம் ஏறுகிறது. காலையில் பால் அளக்கும் இடத்தில் ஒரு கால் மணி நேரம் நின்று பாருங்கள். கொழுப்பு எவ்வளவு காட்டியது என்பதில் தொடங்கி, யார் வீட்டு மருமகளுக்கு எத்தனையாவது மாதம் என்பதுவரை எல்லாம் அங்கேதான் பேசப்படுகிறது.

அந்தப் பேச்சுக்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும். என் மூத்தவள் வயிற்றில் இருந்த சமயம். கர்ப்பிணிகளுக்கான உதவித்தொகைக்கு மனுவைத் தூக்கிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்கு மூன்று தடவை நடந்தேன். முதல் தடவை ஜெராக்ஸ் சரியில்லை. இரண்டாம் தடவை அந்த அதிகாரி வரவில்லை. மூன்றாம் தடவை, நாள் கடந்துவிட்டது என்றார்கள். ஒன்பது மாத வயிற்றோடு படி இறங்கும்போது, அத்தனை வருஷம் படித்த படிப்பு எதற்கு என்று அழுகை வந்தது. எங்கள் தெரு அங்கன்வாடி ஆயாம்மா வாசலில் நின்றிருந்தார். “மூணாவது மாசமே எங்கிட்ட வந்து பேரு பதிஞ்சிருக்கக் கூடாதாம்மா?” என்றார். அங்கன்வாடி என் வீட்டிலிருந்து இருபது அடி. நான் அந்த வாசலில் ஒருநாளும் ஏறியதில்லை.

1975 அக்டோபர் 2-ல் நாடு முழுக்க 33 இடங்களில் சோதனையாகத் தொடங்கிய திட்டம் அது. இன்று ஐம்பது வயதைத் தாண்டிவிட்டது. முட்டையும் சத்துமாவும் கொடுக்கும் இடமாகவே அதை நினைக்கிறோம். எடை பார்த்து, தடுப்பூசி தேதி சொல்லி, முகம் வாடியிருந்தால் ‘என்னம்மா’ என்று கேட்கும் ஒருத்தி அங்கே இருக்கிறாள் என்பதை மறந்துவிடுகிறோம்.

உதவிகள் இன்று குறைவில்லை. குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்மாருக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் என்ற ‘அம்ம ஒடி’ திட்டம் 2020 ஜனவரி 9-ல் சித்தூரில்தான் தொடங்கியது. ஆட்சி மாறிய பின் ‘தல்லிக்கி வந்தனம்’ என்ற பெயரில் தொடர்கிறது. 2025 ஆகஸ்ட் 15 முதல் ஆந்திரத்திலும் பெண்களுக்கு இலவச பஸ். காளஹஸ்திக் கூடத்தில் இரண்டு பெண்கள் அந்த பஸ்ஸில்தான் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிறார்கள். மிச்சமாகும் பஸ் காசில் மகளுக்கு டியூஷன் வைத்திருப்பதாக ஒருவர் சொன்னார். நம் பக்கம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி, பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய். பன்னிரண்டு வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண்ணை வாங்கிவிட வேண்டும். என்னைப்போல் நாள் கடத்திவிடாதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் முடிந்து வீடு திரும்ப 102 வண்டி இரண்டு மாநிலத்திலும் உண்டு. வீட்டில் அடி, உதை, மிரட்டல் என்றால் 181. அதில் கூப்பிட்டால், மருத்துவ உதவியும் சட்ட உதவியும் தற்காலிகத் தங்குமிடமும் ஒரே இடத்தில் தரும் ‘சகி’ மையத்தோடு இணைப்பார்கள். பிள்ளை பெற்ற பின் காரணமே தெரியாமல் அழுகை வருகிறதா, குழந்தையைத் தூக்கவே மனமில்லையா? அது உங்கள் குற்றமில்லை, அதற்கு வைத்தியம் இருக்கிறது. 14416 என்ற டெலிமனஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். கட்டணம் கிடையாது.

இந்த எண்களை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அந்த நிலையில் இருக்கும் பெண் ஃபிரிட்ஜ் கதவைப் படிப்பதில்லை. எதிர்வீட்டில் இருக்கும் நீங்கள்தான் அவளுக்காகப் போனை எடுத்து எண்ணைப் போட்டுக் கொடுக்க வேண்டும். அவள் பேசி முடிக்கும்வரை குழந்தையை வைத்துக்கொள்ள வேண்டும்.

கிளம்பும் நேரத்தில் அந்தக் காளஹஸ்திப் பெண் என்னிடம் ஒன்று கேட்டார். “உங்க ஆபீஸ்லயும் பொம்பளைங்கதான் நிறைய பேர் வேலை பார்ப்பாங்க இல்ல? அவங்க குழந்தைங்களை எங்க விடுவாங்க அக்கா?”

எனக்குப் பதில் வரவில்லை. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம் என்று 2017-லேயே மகப்பேறு சலுகைச் சட்டத்தில் திருத்தம் வந்தது. அதைப் பற்றி நம் இதழில் கட்டுரையே போட்டிருக்கிறோம். நம் அலுவலகத்தில் அத்தனை பேர் இல்லை. அதனால் யாரும் எங்களைக் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. பக்க வடிவமைப்புப் பிரிவில் ஒரு பெண், ஆறு மாதக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்து, மதியம் பாத்ரூமில் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு வேலை பார்த்திருக்கிறாள். போன வாரம் கேட்டபோதுதான் சொன்னாள்.

பின்பக்க அறையில் அடுக்கியிருந்த பழைய இதழ்க் கட்டுகளை நேற்று எல்லோருமாகச் சேர்ந்து மாடிக்கு ஏற்றிவிட்டோம். ஜன்னலைத் திறந்து கழுவிவிட்டோம். மாலை வெயில் நன்றாக விழுகிறது. தூளி கட்ட உத்தரத்தில் கொக்கி இருக்கிறதா என்று ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தாள் அந்தப் பெண். இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்