அந்த ஓரிரு இடம் எது?

"ஏன், உங்களைத்தானே! அந்த 'ஓரிரு இடங்களில்' நம் மொட்டை மாடி உண்டா, இல்லையா?"

பங்குனி மாதத்து ஒரு காலை நேரத்தில் என் மனைவி போட்ட கேள்வி இது. ஒரு கையில் வடாம் பிழியும் அச்சு. மறு கையில் பழைய வேஷ்டி. முந்தின இரவு தொலைக்காட்சியில் செய்தியை முடிக்கும்போது, "தமிழகத்தில் ஓரிரு இடங்களில் லேசான மழை பெய்யக்கூடும்" என்று சொல்லி, புன்னகையோடு விடைபெற்றுக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களுக்கென்ன, அவர்கள் வீட்டிலா வடாம்?

பத்திரிகைக்காரனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இருக்கக் கூடாது என்பது என் மனைவியின் சித்தாந்தம். "ஓரிரு என்றால்..." என்று இழுத்தேன். அதற்குள் என் தாயார் மாடிக்குப் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தாள். "கிழக்கே மேகம் கட்டவில்லை. காற்றில் ஈரமும் இல்லை. இரண்டு மணி வரைக்கும் பயமில்லை, பிழி. அதற்கு மேலே எனக்குத் தெரியாது" என்று தீர்ப்புச் சொன்னாள். இரண்டரை மணிக்கு நாலு தூற்றல் விழுந்தது. வடாம் அதற்குள் பத்திரமாகக் கூடத்துக்கு வந்துவிட்டது.

விடுமுறையில் வந்திருந்த என் மைத்துனன் கைகொட்டிச் சிரித்தான். அவனுக்கு அமெரிக்காவில், ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில் உத்தியோகம். "அத்தான், எங்கள் ஊருக்குக் கிழக்கே 60 மைலில் ஹூட் ரிவர் என்று ஒரு சின்ன ஊர். உங்கள் அம்மா அங்கே இருந்தால் விடிவதற்குள் வாசலில் கூட்டம் கூடிவிடும்" என்றான்.

"எதற்கு, வடாத்துக்கா?"

"இல்லை, காற்றுக்கு!"

அவன் அன்று சொன்ன சமாசாரத்தைத்தான் இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டி வடக்குத் தெற்காக ஒரு மலைத்தொடர். காஸ்கேட் மலை என்று பெயர். கொலம்பியா என்ற மகாநதி அந்த மலையை இரண்டாகப் பிளந்துகொண்டு மேற்கே கடலை நோக்கி ஓடுகிறது. அந்தப் பிளவு சுமார் 80 மைல் நீளம். சில இடங்களில் 4,000 அடி ஆழம். கோடைக்காலத்தில் மலைக்குக் கிழக்கே வறண்ட பூமி அடுப்பாகக் கொதிக்கிறது. அங்கே காற்று சூடாகி, லேசாகி, மேலே எழும்புகிறது. மேற்கே சமுத்திரத்தின் குளிர்ந்த காற்று கனமாகப் படுத்திருக்கிறது. கனமான காற்று லேசான இடத்துக்குப் போக வேண்டும், குறுக்கே மலை. இருப்பதோ ஒரே வாசல். அந்த வாசல் வழியாக நெருக்கியடித்துக்கொண்டு பாய்கிறது. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோயம்புத்தூர்ப் பக்கம் வீசும் காற்றை அறிந்தவர்களுக்கு இதைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

நதி மேற்கே ஓட, காற்று கிழக்கே வீச, இரண்டும் மோதி அலைகள் ஆளுயரம் எழும்புகின்றன. பலகையில் பாயைச் சொருகி, அதன்மேல் நின்றுகொண்டு தண்ணீரில் பறக்கும் விளையாட்டுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? 1980-களில் பேரிக்காய்த் தோட்டங்களுக்குப் பேர்போன ஹூட் ரிவர், இந்த விளையாட்டுக்காரர்களின் க்ஷேத்திரமாகிவிட்டது. இப்போது பெரிய பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு நீரில் சறுக்குகிறவர்களும் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

இவர்களுக்கு, "இன்று காற்று வீசும்" என்று சொன்னால் போதாது. எத்தனை மைல் வேகம், எந்தத் துறையில், எத்தனை மணிக்கு என்று தெரிய வேண்டும். ஏனென்றால் காற்றுக்குத் தக்க பாய். இளங்காற்றுக்கு 6 சதுர மீட்டர், கடுங்காற்றுக்கு 4. கல்யாணத்துக்குப் பட்டுப் புடவை, கடைத்தெருவுக்கு நூல் புடவை என்று நாம் எடுத்து வைப்பதைப்போல அவர்கள் பாய் எடுத்து வைக்கிறார்கள். புடவை மாறினால் நாலு பேர் பார்ப்பார்கள், அவ்வளவுதான். பாய் மாறினால், ஆளைத் தூக்கி எறிந்துவிடும். நடு ஆற்றில் காற்று நின்றுபோனாலோ, குளிர்ந்த தண்ணீரில் கிடந்து, சரக்குப் படகுகள் போகும் பாதையில் மிதக்க வேண்டியதுதான்.

ஆகவே போர்ட்லண்டில் காற்றின் அழுத்தம் எவ்வளவு, மலைக்கு அப்பால் டாலஸ் என்ற ஊரில் எவ்வளவு என்று காலையில் கணக்குப் பார்க்கிறார்கள். வித்தியாசம் சில மில்லிபார்தான். அந்தச் சில மில்லிபாரில் அன்றைய பொழுது அடங்கியிருக்கிறது. மாநிலம் முழுவதற்கும் சேர்த்துச் சொல்லும் ஜோசியம் இங்கே பலிக்காது. அந்தப் பிளவுக்குள் இருக்கும் காஸ்கேட் லாக்ஸ் என்ற ஊரில் வருஷத்துக்கு 70 அங்குலத்துக்கு மேல் மழை. அங்கிருந்து 40 மைல் கிழக்கே டாலஸில் 15 அங்குலம்கூட இல்லை. இரண்டையும் கூட்டிச் சராசரி சொன்னால் இரண்டு ஊருக்கும் பொய் சொன்னதாகும்!

ஹூட் ரிவருக்குத் தெற்கே ஹூட் மலை, 11,200 அடிக்கு மேல் உயரம். அங்கே பனிச்சறுக்கு. பனிச்சறுக்குக்காரர்களின் கேள்வி வேறு: விழப்போவது பனியா, மழையா? மலையில் 1,000 அடி ஏறினால் சுமார் 2 டிகிரி செல்ஷியஸ் குறையும். ஆகையால் முன்னறிவிப்பில் 2 டிகிரி பிசகினால் பனி தொடங்கும் இடம் 1,000 அடி பிசகுகிறது. 4,000 அடியில் உள்ள கிராமத்தில் மழை கொட்டும். 6,000 அடியில் டிம்பர்லைன் விடுதியின் வாசலில் பஞ்சாகப் பனி விழும். நடுவில் விழுவது இரண்டுங்கெட்டான். ஈரமும் கனமும் சேர்ந்த அந்தப் பனியை 'காஸ்கேட் கான்கிரீட்' என்றே பரிகாசம் செய்கிறார்கள். ஆறிப்போன உப்புமாவில் சறுக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

பனிச்சரிவின் அபாயத்தை 1 முதல் 5 வரை எண் போட்டு அறிவிக்கிறார்கள். இதில் ஓர் ஆச்சரியம் கேளுங்கள். 5 என்று அறிவித்த நாளில் உயிர்ச்சேதம் அதிகம் இருக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை. நடுவில் இருக்கிற 3-ஆம் எண் நாட்களில்தான் அதிகமாம். 5 என்றால் யாரும் மலைப்பக்கம் போவதில்லை. 3 என்றால், "நமக்கு ஒன்றும் ஆகாது" என்று கிளம்பிவிடுகிறார்கள். முன்னறிவிப்பு சொல்லும் எண் பாதிதான். அதைக் கேட்கிற நம் மனசு மறுபாதி.

இதைச் சொன்னபோது மைத்துனனின் குரல் தணிந்தது. 1986-ஆம் வருஷம் மே மாதம் 12-ந் தேதி. போர்ட்லண்டிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பெரியவர்களுடன் ஹூட் மலை உச்சிக்குக் கிளம்பினார்கள். சிலர் பாதி வழியில் திரும்பிவிட்டார்கள். மற்றவர்கள் மேலே போனார்கள். புயல் வந்து சூழ்ந்துகொண்டது. உச்சியை எட்டாமலே திரும்பியும் வழி தெரியவில்லை. பனியைத் தோண்டி ஒரு குகை செய்து ஒண்டினார்கள். இருவர் உதவி தேடி இறங்கிப் போனார்கள். புயலில் தேடித் தேடி, மூன்றாம் நாள்தான் குகையைக் கண்டுபிடிக்க முடிந்தது. அங்கே தங்கியவர்களில் இருவர் மட்டுமே பிழைத்தார்கள். மொத்தம் 9 பேர் மாண்டார்கள். அவர்களில் 7 பேர் பள்ளிப் பிள்ளைகள்.

கூடத்தில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. வடாத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "பாதியில் திரும்பின குழந்தைகள் அன்றைக்கு எவ்வளவு ஏமாற்றமாக இருந்திருப்பார்கள்!" என்றாள். பிறகு, "அவர்கள் அம்மாமார்..." என்று தொடங்கி, முடிக்கவில்லை.

"ஊர்க்காரர்கள் எந்த வானிலைக்காரரை நம்புகிறார்கள் தெரியுமா, அத்தான்?" என்றான் மைத்துனன். "எப்போதும் சரியாகச் சொல்கிறவரை அல்ல, அப்படி ஒருவரும் கிடையாது. 'நேற்று 25 மைல் என்றேன், 15-தான் வந்தது, தவறு என்னுடையது' என்று மறுநாள் காலையில் ஒப்புக்கொள்கிறவரை. 'இன்றைக்கு எனக்கே நிச்சயமில்லை' என்று வாய்விட்டுச் சொல்கிறவரை."

அப்போதுதான் எனக்கு அம்மாவின் தீர்ப்பில் இருந்த கடைசி வாக்கியம் உறைத்தது. இரண்டு மணிக்கு மேல் எனக்குத் தெரியாது!

மறு வாரம் ஜவ்வரிசி வடாம். கூழ் கிளறுவதற்கு முன்பே அம்மா மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, "இன்றைக்கு வேண்டாம். காற்று ஒரு மாதிரியாக இருக்கிறது" என்றாள். அன்று பூராவும் வெயில் பொசுக்கித் தள்ளியது. ஒரு பொட்டு மழை இல்லை. சாயங்காலம் என் மனைவி ஆற்றாமையுடன், "ஒரு நல்ல வெயில் வீணாகப் போச்சே, அத்தை!" என்றாள்.

"என் கணக்குத் தப்பித்தான் போச்சு" என்றாள் அம்மா சாவதானமாக. "அதனாலென்ன? ஜவ்வரிசி டப்பாவில் இருக்கிறது. வெயில் நாளைக்கும் வரும்."