மூடிய சீட்டு



சில வாரங்களுக்கு முன் பிரசங்கத்தில் சீட்டாட்டத்தைக் கண்டித்துப் பேசினேன். ஆராதனை முடிந்தபின் நம் சபையின் வாலிபர் ஒருவர் என்னிடம் வந்தார். "ஐயா, போக்கர் திறமை ஆட்டம் என்று உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. உங்களுக்கு அந்த ஆட்டம் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அறியாத ஒன்றைக் குறித்து அரைமணி நேரம் பேசியிருந்தது எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் மாலை அவரையே கற்றுத்தரச் சொன்னேன். போதகர் இல்லத் திண்ணையில் அமர்ந்தோம். பணத்திற்குப் பதிலாக முந்திரிக்கொட்டை, ஆளுக்கு நாற்பது. அண்ணாகிராமத்தில் அதற்கா பஞ்சம்?

அவர் கற்றுத்தந்தது ஐந்து சீட்டு ஸ்டட். முதலில் ஆளுக்கு ஒரு சீட்டு கவிழ்த்துத் தரப்படும். அதை உரியவர் மட்டுமே பார்க்கலாம். அடுத்த நான்கு சீட்டுகளும் ஒவ்வொன்றாக, எல்லாரும் காணத் திறந்தே விழும். ஒவ்வொரு திறந்த சீட்டுக்குப் பின்னும் ஒரு சுற்றுப் பந்தயம். எதிரி வைத்த தொகைக்கு ஈடு வைக்கலாம், உயர்த்தலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்து விலகலாம். விலகினால் அதுவரை வைத்தது போயிற்று. கடைசிவரை நிற்பவர்கள் மூடிய சீட்டைத் திறந்து காட்ட வேண்டும். ஒன்றும் சேராத கையை ஒரு ஜோடி வெல்லும். அதை இரண்டு ஜோடி வெல்லும். அதை ஒரே எண்ணில் மூன்று வெல்லும். அதை வரிசையாக வரும் ஐந்து வெல்லும். இப்படியே மேலே செல்லும்.

52 சீட்டுகளில் 25,98,960 விதமான ஐந்து சீட்டுக் கைகள் அமையக்கூடும். அவற்றுள் 13,02,540 கைகளில் ஒன்றுமே சேராது. அதாவது, பாதிக்குச் சற்று மேற்பட்ட கைகள் வெறுங்கைகளே. அப்படியானால் ஆடுகிறவன் எதைக்கொண்டு ஆடுகிறான்? இந்தக் கேள்விக்கு விடை ஏழாவதோ எட்டாவதோ ஆட்டத்தில் எனக்குக் கிடைத்தது.

என் திறந்த சீட்டுகள் ராஜா, ராணி, பத்து, ஒன்பது. மூடியிருப்பது ஜாக்கியானால் ஐந்தும் வரிசையாகிவிடும். தம்பியின் திறந்த சீட்டுகளில் இரண்டு ஏழு இருந்தன. ஜோடி கண்முன்னே கிடந்தது. என் மூடிய சீட்டோ வெறும் நான்கு. நான் முகத்தை அசைக்காமல் இருபது கொட்டைகளை முன்னே தள்ளினேன். அவர் என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு தம் சீட்டுகளைக் கவிழ்த்துவிட்டார்.

என் உள்ளம் துள்ளியது. அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிரசங்கிக்கிறவன், தன்னை நம்பும் ஒரு பிள்ளையை ஏமாற்றி, அதில் மகிழ்ந்தேன். கொட்டைக்கே இவ்வளவு மகிழ்ச்சியென்றால் பணத்திற்கு எவ்வளவு இருக்கும்!

தம்பி சொன்னது பொய்யன்று. ரம்மி திறமை ஆட்டம் என்றும், மூன்று சீட்டு முழுக்க அதிர்ஷ்டம் என்றும் உச்ச நீதிமன்றம் 1967-லேயே பிரித்துக் காட்டியது. 2023 நவம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம், தமிழக அரசின் இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தை ஏற்றுக்கொண்டபோதும், தடைப் பட்டியலிலிருந்து ரம்மியையும் போக்கரையும் நீக்கியது. சட்டத்திற்கு அந்தப் பிரிவினை தேவைதான். நமக்கு அது போதுமா என்பதே என் கேள்வி.

அதிர்ஷ்டத்தை நம்புவதுதான் பாவம் என்று நம்மில் பலர் போதிக்கிறோம். நான் அதை ஏற்கவில்லை. யூதாசின் இடத்திற்கு மத்தியாவைத் தெரிந்துகொள்ள அப்போஸ்தலர்கள் சீட்டுத்தான் போட்டார்கள். சிலுவையின் அடியில் சேவகர்களும் சீட்டுத்தான் போட்டார்கள். சீட்டு ஒன்றே, அங்கே ஊழியத்திற்கு ஆள் தேடினார்கள், இங்கே சாகிறவனின் அங்கிக்கு ஆள் தேடினார்கள். அப்படிப் பார்த்தால், திறமை கூடக் கூடப் போக்கரின் குற்றம் குறையவில்லை, கூடுகிறது. பிறனுடைய பயத்தை அவன் முகத்தில் படித்து, அதையே விலையாக்குவதுதான் அங்கே திறமை. மேசைக்கு வெளியிலிருந்து ஒரு காசும் விளைவதில்லை. நான் வென்ற ஒவ்வொரு கொட்டையும் தம்பியின் கொட்டை. கைப்பேசியிலோ முகமும் இல்லை. யார் வென்றாலும் தோற்றாலும் பந்தயத்தொகையில் தன் பங்கை எடுத்துக்கொள்ளும் நிறுவனம் மட்டும் உண்டு. வள்ளுவர் சூதை கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவே 94-ஆம் அதிகாரமாக வைத்தார். வெற்றியையே தூண்டில் இரை என்று கண்ட மனிதர் அவர்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது. நடத்துகிறவர்களுக்கு மூன்று ஆண்டுவரை சிறை. ஆடினவர்களுக்குத் தண்டனை இல்லை. செயலிகள் மூடின. கடன் மூடவில்லை. ஆட்டம் முடிந்து சீட்டுகளை அடுக்கும்போது தம்பி தலைகுனிந்தபடி ஒரு தொகையைச் சொன்னார். மனைவியின் சங்கிலி அடகுக் கடையில் இருப்பதையும் சொன்னார். அன்றுவரை அது அவருடைய மூடிய சீட்டு. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

இதைத் தெரிவிக்க அவரிடம் அனுமதி பெற்றேன், பெயர் சொல்லமாட்டேன் என்ற வாக்குறுதியோடு. அவரைப்போல் உங்களில் வேறு சிலரும் இருக்கலாம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்தபின் நான் திண்ணையில்தான் இருப்பேன். பிரசங்கம் செய்யமாட்டேன். அடகு ரசீது இருந்தால் எடுத்து வாருங்கள். வட்டி எந்தத் தேதியில் ஏறுகிறது என்று முதலில் பார்ப்போம்.