எழுத்தறியாத வீரன் என்னும் பொய்

ஃபேன்டஸிக் கதை படிப்பவர்களிடமும், மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி விளையாடுபவர்களிடமும் ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. மலையிலிருந்தோ பனிநாட்டிலிருந்தோ இறங்கி வரும் பார்பேரியன் வீரனுக்குப் புஜபலம் உண்டு, புத்தி கிடையாது, எழுத்து தெரியாது, வாயைத் திறந்தால் இரண்டு சொல்லுக்கு மேல் வராது, வெறி ஏறினால் எதிரே நிற்பதையெல்லாம் வெட்டிச் சாய்ப்பான். இதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. படிப்பு இல்லாததால்தான் அவ்வளவு வீரம் என்று பாராட்டாகவே சொல்கிறார்கள். இது அந்தப் பாத்திரத்தைப் படைத்தவர் எழுதியதற்கும் பொருந்தாது. பாத்திரத்துக்கு மூலமான மனிதர்களுக்கும் பொருந்தாது.

இந்த வீரர்களுக்கெல்லாம் முன்னோடி கோனன். டெக்சாஸ் மாநிலத்தில் கிராஸ் பிளெய்ன்ஸ் என்ற சிற்றூரில் இருந்துகொண்டு ராபர்ட் ஈ. ஹோவர்ட் எழுதிய கதைகளின் நாயகன். 1932 டிசம்பரில் ‘வியர்ட் டேல்ஸ்’ இதழில் வெளிவந்த முதல் கதையிலேயே கோனன் ஒரு நாட்டின் அரசன். நாம் அவனை முதலில் பார்க்கும்போது எழுத்தாணியால் வரைபடம் வரைந்துகொண்டிருக்கிறான். அரண்மனை வரைபடங்களில் தெற்கு, கிழக்கு, மேற்கு எல்லாம் தெளிவாக இருக்கின்றன; வடக்கு மட்டும் அரைகுறை. தான் பிறந்து வளர்ந்த வடக்கைத் தானே வரைந்து சேர்க்கிறான். அதே கதையில் அவனைக் கொல்ல வரும் சதிகாரர்களில் ரினால்டோ என்ற கவிஞனும் ஒருவன். கவிஞனை வெட்டக் கோனனுக்கு மனம் வரவில்லை. பின்வாங்கிப் போ என்று எச்சரிக்கிறான், கையை ஓங்காமல் தாமதிக்கிறான். விலாவில் கத்தி இறங்கிய பிறகுதான் அவன் ஆயுதம் பாய்கிறது. 1933 மார்ச்சில் வந்த இன்னொரு கதையில், சித்திரவதையில் கண்ணிழந்து உடல் சிதைந்த யானைத்தலை உயிர் ஒன்றைக் காண்கிறான். பயம் போய், இரக்கத்தில் கரைகிறான். புத்தி மழுங்கிய முரடன் இதில் எங்கே இருக்கிறான்?

ஹோவர்டை நான் கோயிலில் வைக்கவில்லை. அவர் கதைகளில் கறுப்பின மக்களைப் பற்றி வரும் சித்திரிப்புகள் பல இடங்களில் வெறுப்பு மிகுந்தவை. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. நாகரிகத்தைவிடக் காட்டு வாழ்வே நிலையானது என்று சக எழுத்தாளர் லவ்கிராஃப்டுடன் ஆண்டுக்கணக்கில் கடிதத்தில் வாதாடியவர் அவர். அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் காட்டிலிருந்து வருபவன் மூடன் என்று அவர் எழுதவில்லை. அது பின்னால் ஒட்டப்பட்டது. 1966 முதல் வந்த கோனன் கதைகளின் மலிவுப் பதிப்புகளின் அட்டையில் ஃபிராங்க் ஃபிரசெட்டா தீட்டிய ஓவியங்கள் அற்புதமானவை. ஆனால் மக்கள் மனதில் நின்றது தசை மட்டும்தான். 1982இல் ஜான் மிலியஸ் இயக்கிய படத்தில் அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் கோனனாக நடித்தார். அதிலும் நிலைத்தது உடம்பு, பேச்சு அல்ல.

படத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. விளையாட்டில் அது விதியாகவே ஏறிவிட்டது. ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டைப் படைத்தவர்களில் ஒருவரான கேரி கைகேக்ஸ், அதே 1982 ஜூலையில் ‘டிராகன்’ இதழில் பார்பேரியன் என்ற பாத்திர வகையை அறிமுகம் செய்தார். மந்திரம் என்றாலே அவனுக்கு ஆகாது. மந்திரப் பொருள்களை உடைத்தால் அவனுக்கு அனுபவப் புள்ளிகள் உண்டு. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு இன்னும் ஒரு படி போனது. அந்த நூலின் அடிப்படை வகைகளில், எழுதப் படிக்கத் தெரியாதவனாகத் தொடங்குபவன் பார்பேரியன் மட்டுமே. எழுத்து வேண்டுமானால் இரண்டு திறன் புள்ளிகளைச் செலவழிக்க வேண்டும். 2014இன் ஐந்தாம் பதிப்பில் எழுத்தறியாமை விதி இல்லை. பழக்கம் மட்டும் போகவில்லை. இன்றும் பார்பேரியனை எடுப்பவர் யோசிக்காமலே ‘அறிவு’ என்ற கட்டத்தில் இருப்பதிலேயே குறைந்த எண்ணைப் போடுகிறார். குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டு அரைகுறை வாக்கியத்தில் உறுமுகிறார். மேசை முழுதும் சிரிக்கிறது.

வெறி கொண்டு போரிடும் இந்த வீரனுக்கு மூலம் வட ஐரோப்பாவின் பெர்சர்க்கர்கள். அவர்களைப் பற்றி நமக்குச் சொல்பவை ஐஸ்லாந்தின் சாகாக்கள் என்னும் பழங்கதைகள். அவற்றில் ஒன்றான எகில் சாகாவைத் திறந்து பாருங்கள். எகில் ஸ்கல்லகிரிம்சன் சாது அல்ல. சிறுவயதிலேயே பந்து விளையாட்டுச் சண்டையில் ஒரு பையனைக் கோடரியால் கொன்றவன். அவன் தாத்தாவைப் பற்றி உருமாறுபவர் என்றே ஊரில் பேச்சு. அதே எகில் மூன்று வயதில் பாட்டுக் கட்டியதாகச் சாகா சொல்கிறது. யார்க் நகரில் எதிரியான மன்னனிடம் சிக்கியபோது, ஒரே இரவில் புகழ்ப்பாடல் இயற்றித் தலையைக் காப்பாற்றிக்கொண்டான்.

ஓர் இடத்தில் ஒரு விவசாயியின் மகள் நோயில் கிடக்கிறாள். அவள் படுக்கையில் ரூன் எழுத்துகள் கீறிய திமிங்கல எலும்பு ஒன்று இருப்பதை எகில் கண்டுபிடிக்கிறான். அவள் மனதைக் கவர நினைத்த ஒருவன் கீறியது, எழுத்துகள் தப்பு. எகில் அவற்றைச் சுரண்டி எடுத்துத் தீயில் போட்டுவிட்டு, சரியான எழுத்துகளைக் கீறித் தலையணைக்கடியில் வைக்கிறான். அவள் தேறுகிறாள். வாசிக்கத் தெரியாதவன் ரூன் கீறக் கூடாது என்று அங்கேயே அவன் பாடுகிறான். இவனுடைய வாரிசிடம்தான் எழுத்துக்கு இரண்டு புள்ளி கட்டு என்றது அந்த விதிநூல்.

மகன் கடலில் மூழ்கி இறந்ததும் எகில் உணவை மறுத்து, சாகும் எண்ணத்தோடு படுத்துவிடுகிறான். மகள் தோர்கெர்த் தானும் சாகப்போவதாகச் சொல்லி உள்ளே வந்து, தந்திரமாகக் கடற்பாசியை மெல்லவைக்கிறாள். தாகத்துக்கு நீரென்று பாலைக் குடிக்கவைக்கிறாள். பிறகு, இறந்தவனுக்கு ஓர் இரங்கற்பா பாடிவிட்டுச் சாகலாம் என்கிறாள். பாடப் பாட அவனுக்கு உயிர் திரும்புகிறது. வட ஐரோப்பாவின் பழைய கவிதைகளில் உச்சமானவற்றுள் ஒன்று அப்படிப் பிறந்தது.

வெறியை அந்தச் சமூகம் கொண்டாடியதா என்றால், அதுவும் இல்லை. அதே சாகாவில் லியோட் என்ற பெர்சர்க்கர், ஒருவரிடம் அவர் சகோதரியைத் தனக்குக் கொடு என்று கேட்டு, கொடுக்காவிட்டால் ஒற்றைக்கு ஒற்றைச் சண்டைக்கு வா என்று மிரட்டுகிறான். ஊரைச் சுரண்டும் ரௌடி அவன். அந்தக் குடும்பத்துக்காகக் களத்தில் இறங்கி அவனைக் கொல்வது கவிஞன் எகில்.

புதிதாக வருபவருக்கு எளிமையான பாத்திரம் ஒன்று வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். கணக்கு எளிதாக இருக்கட்டும். அதற்காக ஒரு மக்கள் கூட்டத்துக்கே மொழியும் சட்டமும் பாட்டும் இல்லை என்று ஆக்க வேண்டியதில்லை. கதை சொல்லி நடத்துபவர்கள் ஐஸ்லாந்தின் பழைய சட்டத் தொகுப்பான கிராகாஸிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். வெறி ஏறி ஆடுபவனுக்கு அதில் மூன்றாண்டு நாடுகடத்தல். பக்கத்தில் நின்றும் அவனைப் பிடித்து அடக்காதவர்களுக்கும் அதே தண்டனை. அடுத்த ஆட்டத்தில், உறுமும் தோழனைப் பார்த்துச் சிரிக்கும் குழு முழுவதுக்கும் அந்தச் சட்டத்தைப் போட்டுப் பாருங்கள்.