கண்ணுக்குத் தெரிவது கணிப்பொறிக்குத் தெரியாதா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று பெரியவர்கள் கேட்பார்கள். சென்ற ஆண்டு நானும் அப்படித்தான் அலைந்தேன். ஆனால் குற்றம் என்னுடையது மட்டுமன்று.

உதவித்தொகைக்குத் தேர்வானோரின் பட்டியல் கணிப்பொறிக் கோப்பாக வந்தது. பல நூறு வரிகள். என் பெயருடையோர் பலர் இருப்பார்கள் என்பதால், உரைத் தொகுப்பானில் கோப்பைத் திறந்து, தேடும் கட்டத்தில் எங்கள் ஊர்ப் பெயரைத் தட்டினேன். அது ‘கோ’ என்ற எழுத்தில் தொடங்கும். ‘கிடைக்கவில்லை’ என்று விடை வந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இயந்திரம் பொய் சொல்லாது என்று நம்பி அம்மாவிடம் சொன்னேன். அவர் கம்மலை அடகு வைத்தார். பிறகு நண்பர் ஒருவர் பட்டியலை வரிவரியாகப் படித்தார். என் பெயரும் ஊரும் அதில் இருந்தன! சான்றிதழ்கள் கொடுக்க இரண்டே நாள் மீதமிருந்தது. ஓடிப்போய்க் கொடுத்தேன், தொகையும் கிடைத்தது. அடகுக்குக் கட்டிய வட்டி கட்டியதுதான்.

காரணம் என்ன? கணிப்பொறி எழுத்தின் உருவத்தைப் பார்ப்பதில்லை, எண்ணைப் பார்க்கிறது. யூனிகோடு முறையில் ‘க’வின் எண் 2965, ஓகாரக் குறியின் எண் 3019. அதே குறியை இரட்டைக்கொம்பு 3015, துணைக்கால் 3006 என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ‘கோ’தான். பழைய எழுத்துருக்களில் கொம்பும் காலும் தனித்தனியே இருந்தன. அவற்றிலிருந்து மாற்றிய கோப்புகளில் இந்தப் பிரிவு தங்கிவிடுவதுண்டு. இரண்டையும் ஒன்றாகவே கொள்ள வேண்டும் என்பது யூனிகோடு விதி. ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும் வழியும் அதிலேயே வகுக்கப்பட்டுள்ளது. ஆயினும் பல தொகுப்பான்கள் எண்ணுக்கு எண் ஒப்பிட்டுவிட்டுக் கையை விரிக்கின்றன.

‘தேடுபவர்தான் கவனமாக இருக்க வேண்டும்’ என்பார் சிலர். எண்களை மனப்பாடம் செய்துகொண்டா மனிதன் தேடுவான்? இயந்திரம் மனிதனுக்காகவா, மனிதன் இயந்திரத்துக்காகவா?

நான் வேண்டுவன மூன்றே. முதலாவது, பார்வைக்கு ஒன்றான எழுத்தைத் தேடலும் ஒன்றாகவே கொள்ள வேண்டும். இரண்டாவது, ‘கிடைக்கவில்லை’ என்பதோடு நில்லாமல், எப்படித் தேடியது என்றும் சொல்ல வேண்டும். ‘முழுச் சொல் மட்டும்’ என்ற பொத்தான் முன்பு அழுத்தியபடியே இருந்தால், அதை நினைவூட்ட வேண்டும். மூன்றாவது, ‘மரம்’ என்று தேடுவோர் விரும்பினால் ‘மரத்தை’, ‘மரங்கள்’ என்பனவற்றையும் காட்ட வேண்டும். வேற்றுமை உருபு ஏற்றுச் சொல் திரிவது தமிழின் இயல்பல்லவா?

நண்பர்களே! நம்மில் சிலர் நாளை மென்பொருள் எழுதப் போகிறோம். ‘இல்லை’ என்று ஒரு சொல்லைத் திரையில் காட்டுமுன், அதை நம்பி வீடு திரும்பும் ஒரு மாணவனையும், கம்மலைக் கழற்றும் ஒரு தாயையும் நினைத்துக்கொள்வோம். இருப்பதை இல்லை என்று சொல்லாதிருப்பதே தேடலின் முதற்கடமை.