சாமி படத்தை மரத்தடியில் வைக்காதீங்க

லண்டனுக்குக் குடிபோற சிலர், வீட்டைக் காலி பண்ணும்போது சாமி படங்களை ராத்திரியில் நம்ம கோயில் மரத்தடியில் வைச்சிட்டுப் போயிடுறாங்க. போன வாரம் மட்டும் ஏழு படம். எல்லாம் மழையில் ஊறிப்போச்சு. துடைச்சு எடுக்கும்போது எங்களுக்கு மனசு கேட்கலை.

வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வேயிலும் அரசாங்க ஆபீஸிலும் வேலை பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்தவங்கதான் பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் ரோடு கந்தசுவாமி கோயிலைக் கட்டினாங்க. அவங்க முருகனை விட்டுட்டு வரலையே! லண்டன்லயும் ஹைகேட்டில் முருகன் இருக்கார், விம்பிள்டனில் பிள்ளையார் இருக்கார். 30 கிலோ பெட்டியில் மைலோவுக்கு இடம் இருக்கு, ஒரு சின்ன வேலுக்கு இல்லையா?

மிச்சப் படங்களைச் சொந்தக்காரங்ககிட்ட கொடுங்க. உடைஞ்சதுன்னா பகல்ல கொண்டு வாங்க, குருக்கள்கிட்ட கேட்டு முறையா செய்வோம். அப்படியே பயணத்துக்கு ஒரு அர்ச்சனையும் பண்ணிட்டுப் போங்க.