பேரனைப் பார்க்கப் போகிறவர்கள் தேதியையும் பார்க்கட்டும்!

மயிலாப்பூர் மாட வீதியிலும் தி.நகர் பனகல் பார்க்கிலும் மாலை நேரத்தில் இந்தப் பேச்சு காதில் விழாமல் போகாது. "மருமகளுக்குப் பிரசவம், அமெரிக்கா கிளம்பறோம்." "எத்தனை மாசம்?" "அதுக்கென்ன, விசாதான் பத்து வருஷத்துக்கு இருக்கே!"

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஜெமினி மேம்பாலத்தருகே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம் தரும் பத்து வருட விசா, அந்த நாட்டு வாசல்வரை போய்க் கதவைத் தட்டத்தான். உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை அங்கே இறங்கும் விமான நிலையத்தில் அதிகாரி தீர்மானிக்கிறார். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குப் பொதுவாக 6 மாதம். 'ஐ-94' என்ற பதிவில் அந்தத் தேதி இருக்கும். அதுதான் கெடு. மனு எதுவும் போடாமல் அதை ஒரே ஒரு நாள் தாண்டினாலும் பத்து வருட விசா செல்லாக்காசு!

"குழந்தையைப் பார்த்துக்க ஆளில்லை, அம்மா இன்னும் நாலு மாசம் இருக்கட்டும்" என்கிறான் மகன். கெடுவுக்குள் 'ஐ-539' மனு போடுகிறான். தப்பில்லை, சட்டமே இடம் கொடுக்கிறது. ரசீதும் வருகிறது. "ரசீது வந்தாச்சு, இனி கவலையில்லை" என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாகி விடுகிறார்கள்.

ரசீது அனுமதி ஆகுமா? ஆகாது. கெடுவுக்குள் ஒழுங்காக மனு போட்டிருந்தால், பதில் வரும்வரை இருக்கும் நாட்கள் சட்டவிரோதமாகத் தங்கியதாகக் கணக்கில் ஏறாது. அவ்வளவுதான் சலுகை. மனு தள்ளுபடியானால் மறுநாளே கணக்கு ஓட ஆரம்பிக்கும். 180 நாளைத் தாண்டிவிட்டுக் கிளம்பினால் 3 வருடம் உள்ளே நுழையத் தடை. ஒரு வருடம் ஆகிவிட்டால் 10 வருடம்! எழுபது வயதுப் பாட்டிக்குப் பத்து வருடத் தடை என்றால் பேரனை இனி எப்போது பார்ப்பது?

அமெரிக்க அரசையும் கேட்க வேண்டியிருக்கிறது. 400 டாலருக்கு மேல் கட்டணத்தை வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் வாய் திறக்காமல் இருப்பது நியாயமா? கேட்ட நாலு மாதம் முடிந்த பிறகு பதில் வருவதும் உண்டு. வல்லரசுக்கு இது அழகல்ல.

ஆனால் முதல் பொறுப்பு பிள்ளைகளுக்குத்தான். ஆயா செலவை மிச்சம் பிடிக்கப் பெற்றோரைத் திரிசங்கு சொர்க்கத்தில் தொங்கவிடலாமா? (பக்கத்து வீட்டுக் குழந்தையையும் சேர்த்துப் பார்த்து டாலர் வாங்குவது இன்னும் மோசம். அது வேலை, விசிட்டருக்குக் கூடவே கூடாது.) ஆபரேஷன் போன்ற நிஜமான காரணம் இருந்தால் மட்டும் நீட்டிப்பு கேட்கட்டும். கெடுவுக்கு 45 நாள் முன்பே மனுவை அனுப்பட்டும். கேட்ட தேதி வந்துவிட்டால், பதில் வந்தாலும் வராவிட்டாலும், விமானம் ஏற்றிவிடட்டும். ரசீதின் நகலும் போர்டிங் பாஸும் அம்மாவின் கைப்பையில் பத்திரமாக இருக்கட்டும். அடுத்த தடவை "போன முறை ஏன் இத்தனை மாதம் இருந்தீர்கள்?" என்று அதிகாரி கேட்கும்போது எடுத்து நீட்ட அவைதான் சாட்சி.